ஐந்து ரூபாவின் இரண்டு விலைகள்

வெளிநாட்டில் வாழும் நம்மவர் ஊருக்கு வந்து பெற்றோரின் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, பழைய பிஸ்கட் பேணி ஒன்றுக்குள்ளோ சாமியறைச் சிமிழுக்குள்ளோ சில நாணயக் குற்றிகள் அகப்படுவது வழக்கம். வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ எத்தனையோ தடவை வீடு மாறி வந்தவை. ஒவ்வொரு மாற்றத்திலும் தளபாடம் போயிற்று, புத்தகங்கள் போயின; கையடக்கமான காசுப் பேணி மட்டும் கூடவே வந்தது. அப்பேணியைத் திறந்தவர்கள் படமெடுத்து அனுப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு என்ன விலை பெறும்?

இவ்வாறு வரும் படங்களில் நான் அடிக்கடி காண்பது 1981ஆம் ஆண்டின் ஐந்து ரூபாக் குற்றி. இலங்கையில் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டு 50 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு மத்திய வங்கி வெளியிட்டது அது. அக்குற்றிக்கு இரண்டு விலைகள் உண்டு என்பது என் கருத்து. ஒன்று சந்தை கொடுக்கும் விலை, அது சிறியது. மற்றையது, அக்குற்றி சொல்கின்றதும் சொல்லாமல் விடுகின்றதுமான வரலாற்றின் விலை; அது, குறிப்பாகத் தமிழருக்கு, மிகப் பெரியது. முதலாவதை அறியாதவர் ஏமாற்றப்படுவார். இரண்டாவதை அறியாதவர் பெறுமதியான ஓர் ஆவணத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்.

முதலில், ஒரு குற்றி ஞாபகார்த்தக் குற்றியா, அன்றாடப் புழக்கத்துக்கென அடிக்கப்பட்ட சாதாரணக் குற்றியா என்பதை இனங்காண வேண்டும். இலங்கைக் குற்றிகளைப் பொறுத்தவரையில் இதற்கு எளிதான வழியொன்று உண்டு. இரண்டு ரூபாவும் ஐந்து ரூபாவும் சாதாரணக் குற்றிகளாக வெளிவரத் தொடங்கியது 1984ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் அப்பெறுமதிகளில் வந்தவை யாவும் ஏதோ ஒன்றை நினைவுகூர வந்தவையே. 1957இல் புத்த ஜயந்தியின் 2500ஆவது ஆண்டுக்காக ஐந்து ரூபா. 1968இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்புக்காக, பராக்கிரமபாகு மன்னனின் சிலை பொறித்த இரண்டு ரூபா. 1976இல் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்காக இரண்டு ரூபாவும் ஐந்து ரூபாவும். 1981இல் மகாவலித் திட்டத்துக்காக இரண்டு ரூபா, வாக்குரிமைக்காக ஐந்து ரூபா. பத்து ரூபாவுக்கும் இதே கணக்குத்தான். சாதாரணப் பத்து ரூபாக் குற்றி பதினொரு பக்கங்களுடன் 2009இல் வந்தது. அதற்கு முன்னர் வந்தவற்றுள் 1987ஆம் ஆண்டின் சதுரக் குற்றி வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டை நினைவுகூர்வது. 1998ஆம் ஆண்டின் ஈருலோகக் குற்றி சுதந்திரத்தின் 50ஆவது ஆண்டுக்குரியது.

ஒரு ரூபாவில் இவ்விலகுவான கணக்குச் செல்லாது. அங்கே பொறிப்பைப் படித்தே தீரவேண்டும். ஜே. ஆர். ஜயவர்தன ஜனாதிபதிப் பதவியேற்றமைக்காக 1978இல் ஒரு குற்றி வந்தது. ரணசிங்க பிரேமதாசவின் ஆட்சியின் மூன்றாவது ஆண்டு நிறைவுக்காக 1992இல் இன்னொன்று வந்தது. ஆட்சியிலிருப்பவர் தம்மைத் தாமே நாணயத்தில் நினைவுகூர்ந்த கதைகள் இவை.

இரண்டாவதாக, புழக்கத்துக்கு விடப்பட்டது எது, சேகரிப்போருக்கென அடிக்கப்பட்டது எது என்று பிரித்தறிய வேண்டும். ஒரே நிகழ்வுக்கு இரண்டும் வருவதுண்டு. 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்குப் பத்து ரூபாக் குற்றி மக்கள் கைக்கு வந்தபோது, வெள்ளியில் ஆயிரம் ரூபாவும் பொன்னில் ஐயாயிரம் ரூபாவும் சேகரிப்போருக்கென வந்தன. 1996ஆம் ஆண்டின் உலகக் கிண்ண வெற்றியை நினைவுகூர்ந்து 1999இல் ஐந்து ரூபாக் குற்றியும் வெள்ளியில் ஆயிரம் ரூபாக் குற்றியும் வந்தன. கண்ணாடிபோலப் பளபளக்கும் தளமும் பெட்டியும் சான்றிதழும் உடையவை பெரும்பாலும் இரண்டாம் வகை. பேணிக்குள் கிடப்பவை பெரும்பாலும் முதலாம் வகை.

மூன்றாவது உலோகம். வெள்ளை நிறமாக இருப்பதெல்லாம் வெள்ளியன்று. 1981ஆம் ஆண்டின் ஐந்து ரூபா, செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தால் ஆனது. ஆனால் 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபா உண்மையாகவே வெள்ளி: நிறை 28.28 கிராம், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. அதாவது அதில் 26 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான தூய வெள்ளி உண்டு. செட்டியார் தெருவில் எந்த நகைக்கடைத் தராசிலும் இதை நிறுத்துப் பார்க்கலாம். அன்றைய வெள்ளி விலையைக் கொண்டு பெருக்கினால் வருவது அக்குற்றியின் அடிவிலை. அதற்குக் கீழே அதைக் கொடுப்பது நட்டம். அதே 1957இல் அதே புத்த ஜயந்திக்காக வந்த ஒரு ரூபாக் குற்றியோ செம்பு நிக்கல். ஆண்டு ஒன்று, நிகழ்வு ஒன்று, விலை மட்டும் வேறு. காந்தமும் உதவும்: 2005ஆம் ஆண்டை ஒட்டி இலங்கையின் ரூபாக் குற்றிகள் முலாம் பூசிய உருக்குக்கு மாறின, அவை காந்தத்தில் ஒட்டும். முற்காலத்துச் செம்பு நிக்கல் குற்றியும் வெள்ளிக் குற்றியும் ஒட்டா. ஆகவே 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபா என்று சொல்லி ஒருவர் தரும் குற்றி காந்தத்தில் ஒட்டிக்கொண்டால், மேற்கொண்டு பேசவேண்டியதில்லை.

இனி விலைக்கு வருவோம். பழமைக்கும் விலைக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்பது நம்மவரிடையே ஊறிப்போன நம்பிக்கை. அது சரியன்று. விலையை நிர்ணயிப்பவை நான்கு: எத்தனை அடிக்கப்பட்டன, அவற்றுள் எத்தனை எஞ்சியுள்ளன, கையிலுள்ளது எந்நிலையில் இருக்கின்றது, அதை விரும்புவோர் எத்தனை பேர் என்பவை. இலண்டன் வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். கியூ தாவரவியல் பூங்காவின் 250ஆவது ஆண்டுக்காக 2009இல் வந்த 50 பென்ஸ் குற்றி, வெறும் 210,000 மட்டுமே அடிக்கப்பட்டது. இன்னும் இருபது வயதைத் தாண்டாத அக்குற்றி இன்று நூறு பவுணுக்கு மேல் விலைபோகின்றது. நூறாண்டு கடந்த பிரித்தானியப் பென்னிகள் பல சில்லறை விலைக்கே கிடைக்கின்றன. மறுபுறம், நமது 1957ஆம் ஆண்டு வெள்ளி ஐந்து ரூபா ஐந்து இலட்சம் அடிக்கப்பட்டது. ஆனால் அதில் கணிசமான பகுதி பின்னர் உருக்கப்பட்டுவிட்டது. ஆகவே அடித்த தொகை மட்டும் கதையை முழுமையாகச் சொல்லாது.

நிலை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய நம் வீடுகளில், பழைய காசு கிடைத்தவுடன் செய்யும் முதற்காரியமும் அதுவே. புளி, சாம்பல், பற்பசை, பொலிஷ் எதுவும் காசில் படக்கூடாது. தேய்த்த குற்றி பளபளக்கும். ஆனால் உருப்பெருக்கியின் கீழ் நுண்ணிய கீறல்கள் தெரியும். சேகரிப்போர் அதைக் கண்டவுடன் விலையைப் பாதியாக்குவர், அல்லது வேண்டாம் என்பர். காலத்தால் படிந்த மங்கல் நிறம் குற்றியின் குறையன்று. விளிம்பில் பிடித்து, தாளுறை ஒன்றில் தனித்தனியாக இட்டு வைத்தாலே போதும்.

இந்த அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால் 1981ஆம் ஆண்டின் ஐந்து ரூபா எங்கே நிற்கின்றது? அது பெருந்தொகையில் அடிக்கப்பட்டது, உலோகம் மலிவானது, எடுத்து வைத்தவர்களும் பலர். புழங்கித் தேய்ந்த ஒன்றுக்குக் கிடைக்கும் பணம் ஓரிரண்டு சாப்பாட்டுப் பொதிகளின் விலையைத் தாண்டுவது அரிது. இதைச் சொன்னால் சிலர் மனம் வருந்துகின்றனர். சிலர் நம்ப மறுக்கின்றனர். ஏனெனில், இதே போன்ற குற்றிகளுக்கு இலட்சம் கிடைக்கும் என்று கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் அவர்களுக்கு முன்னரே சொல்லிவிட்டது.

இந்தியாவில் வைஷ்ணவ தேவி ஆலயத்துக்காக 2012இல் வந்த ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களுக்குப் பல இலட்சம் கிடைக்கும் என்ற கதை நாடெங்கும் பரவியது. தன் பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்திப் பழைய நாணயம் வாங்குவதாகவும் விற்பதாகவும் கூறிக் கட்டணமும் தரகும் வரியும் கேட்போரை நம்பவேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஓகஸ்ட் மாதத்தில் பகிரங்க எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. மோசடியின் அமைப்பு எங்கும் ஒன்றே. உங்கள் காசுக்குப் பெருந்தொகை தருவதாக ஒருவர் சொல்வார். அத்தொகையை அனுப்புவதற்கு முன்னர் பதிவுக் கட்டணம் என்று ஒரு சிறுதொகை கேட்பார். அதைக் கொடுத்தால் வரி என்று இன்னொன்று வரும். காசை விற்கப் போனவர் காசைக் கொடுத்துவிட்டு வருவார். தனியாக வாழும் முதியவர்களே இதில் கூடுதலாக அகப்படுகின்றனர். வாங்குபவர் விற்பவரிடம் பணம் கேட்கும் வியாபாரம் உலகில் எங்கும் இல்லை என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். அதுபோலவே, இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை விலையென்று எண்ணாதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். ஏலத்தில் உண்மையாக விற்றுத் தீர்ந்த விலையே விலை.

சந்தை விலையின் கதை இவ்வளவுதான். இக்குற்றியின் மற்ற விலை எது?

சாதாரணக் குற்றி தன் பெறுமதியை மட்டும் சொல்லும். ஞாபகார்த்தக் குற்றியோ ஒரு கூற்றையும் சேர்த்துச் சொல்லும். அக்கூற்றைத் தெரிவு செய்வது அரசு. பெட்டிக்குள் வைத்து விற்கும் பொற்காசில் அரசு என்ன சொன்னாலும் அதைச் சில நூறு பேரே படிப்பர். புழக்கத்துக்கு விடும் குற்றியில் சொல்வதோ மீன்காரரின் கையிலும் பஸ் நடத்துநரின் பையிலும் கோயில் உண்டியலிலும் போய்ச் சேர்கின்றது. 1981ஆம் ஆண்டின் ஐந்து ரூபா சொன்ன கூற்று இது: இந்நாட்டில் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்து 50 ஆண்டுகள் ஆகின்றன.

1931ஐப் பொறுத்தவரை அக்கூற்றில் பெருமைப்பட நிறைய உண்டு. பிரித்தானியாவில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைத்தது 1928இல். மூன்றே ஆண்டுகளில் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கையில் 21 வயதைத் தாண்டிய ஆணும் பெண்ணும், சொத்தோ கல்வியோ இல்லாதவரும் வாக்களித்தனர். தமிழ்த் தலைமையினர் எல்லோரும் இதை வரவேற்றனர் என்று சொல்வதற்கில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் எதிர்த்தனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் வேறொரு காரணத்துக்காக, டொனமூர் ஏற்பாடு பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது; வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. இருந்தும், நம் சமூகத்தில் குரலற்றிருந்த பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவத்தை முதன்முதலாகக் கண்டது அச்சீர்திருத்தத்தினால்தான். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் "எல்லோருக்கும்" என்ற சொல் அன்றே முழுமையாக இருக்கவில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு 1931இலேயே நிரந்தர வதிவிடம் என்ற நிபந்தனை இடப்பட்டது. அந்நிபந்தனையைத் தாண்டி வாக்காளரானவர்கள் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை இல்லாதவரின் வாக்கைப் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதி கூட இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை நாடற்றோராகக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 1988ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியிருந்தன.

அப்படியாயின் 1981இல், சர்வசன வாக்குரிமையின் பொன்விழாக் குற்றி புழக்கத்துக்கு வந்தபோது, வாக்கில்லாத மனிதர்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இன்னமும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவர்களது சம்பளக் காசிலும் அந்த ஐந்து ரூபாக் குற்றி வந்து சேர்ந்திருக்கக்கூடும். தனக்கு இல்லாத உரிமையைக் கொண்டாடும் குற்றியைக் கூலியாகப் பெற்று, அதைக் கொடுத்து மாவும் மண்ணெண்ணெயும் வாங்கியிருப்பர். எந்தச் சேகரிப்பாளரின் விலைப்பட்டியலிலும் இந்தத் தகவல் இராது.

அதே 1981 வேறு விதத்திலும் நம் நினைவில் நிற்கும் ஆண்டு. ஜூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்கு முந்திய சில நாட்களில், மே 31 இரவும் ஜூன் 1ஆம் திகதியும், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. தேர்தலிலும் வாக்குப்பெட்டிகள் காணாமற்போனதாக முறைப்பாடுகள் எழுந்தன. ஒக்டோபரில் வாக்குரிமைப் பொன்விழாவுக்காக எலிசபெத் மகாராணியார் கொழும்புக்கு வந்து சென்றார். அடுத்த ஆண்டு, 1982 டிசம்பர் 22ஆம் திகதி, பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினர். மக்கள் தம் பாராளுமன்றத்தை மீண்டும் தெரிவு செய்தது 1989இல். வாக்குரிமைக்கு விழா எடுத்த அரசே வாக்குப்பெட்டியைத் தள்ளி வைத்தது. இதனால் பாதிக்கப்பட்டோர் தமிழர் மட்டுமல்லர்.

இது அரசியல், நாணயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உண்டு. மகாவலியைக் கொண்டாடினால் அது பொருளாதாரம், புத்த ஜயந்தியைக் கொண்டாடினால் அது சமயம், கிண்ணத்தைக் கொண்டாடினால் அது விளையாட்டு என்று ஏற்றுக்கொள்ளும் நாம், அக்கொண்டாட்டங்களின் மறுபக்கத்தைப் பார்ப்பதை மட்டும் ஏன் அரசியல் என்கிறோம்? குற்றிக்கு இரு பக்கங்கள் இருப்பது கண்கூடு. அரசு ஒரு பக்கத்தைப் பொறிக்கட்டும்; மறுபக்கத்தை எழுதி வைப்பது குடிமக்களின் வேலை.

இன்னொரு சாராரின் வாதம் வேறு: பொய் சொல்லும் குற்றியை ஏன் வைத்திருக்க வேண்டும், பழைய இரும்புக்குப் போடலாமே என்பது. இதற்கும் நான் உடன்படேன். குற்றி பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. பாதி சொன்ன ஆவணம் அழிந்தால், மீதியைக் கேட்பதற்கான சாட்சியமும் அழிந்துபோகும். நூலகம் எரிந்து சாட்சியங்களை இழந்த சமூகம், எஞ்சியிருக்கும் சிறு சாட்சியங்களையாவது பேணவேண்டாமா?

கொழும்புக் கோட்டை சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகத்தில் இந்நாட்டு நாணயங்களின் கதையைப் பார்க்கலாம். பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது நல்லது. ஆயினும் வீட்டுப் பேணியிலுள்ள குற்றியின் கதை அங்கே கிடையாது. அது அம்மம்மாவுக்கு எப்போது, யார் கையால், எந்தக் காரணத்தால் வந்தது என்பதை வீட்டிலுள்ள மூத்தவர் மட்டுமே அறிவார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே, படம் அனுப்பிக் கேட்போருக்கு என் பதில் இது. உங்கள் குற்றி 1957ஆம் ஆண்டின் வெள்ளி ஐந்து ரூபாவாயின், நிறுத்துப் பாருங்கள். வெள்ளி விலைக்குக் கீழே கொடுக்காதீர்கள். இருவரிடமாவது விலை கேளுங்கள். 1998இன் பத்து ரூபாவோ 1999இன் கிரிக்கெட் ஐந்து ரூபாவோ ஆயின், புதுக்கருக்குக் குலையாதிருந்தால் சேகரிப்போர் ஒருவர் மகிழ்ச்சியுடன் வாங்குவார், பெரும்பணம் எதிர்பார்க்காதீர்கள். 1981ஆம் ஆண்டின் வாக்குரிமை ஐந்து ரூபாவாயின், விற்காதீர்கள். விற்றுக் கிடைக்கும் தொகை உங்களுக்குப் பெரிதாக உதவப்போவதில்லை. ஒரு தாளுறையில் இட்டு, அதன்மேல் 1931, 1949, 1981, 1988, 2003 என்ற ஐந்து ஆண்டுகளை எழுதி, பிள்ளைகள் கையில் கொடுங்கள். அந்த ஆண்டுகள் எவை என்று அவர்கள் கேட்கும்போது சொல்வதற்கு, மேலேயுள்ளவை உதவும்.